ஆடு தின்னாத பச்சை

அனீஸா அந்த ஓட்டுத் துண்டை இரண்டு கையாலும் நீட்டினாள். தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றுவதுபோல.

உடைந்த நாட்டு ஓடுதான். அதன் குழிவில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி, ஈரமாக, நெருக்கமாக.

"மச்சான், போன வாரம் வச்சது பச்சையா இருக்கா?"

"பச்சையாத்தான் இருக்கு" என்றான் சலாஹுதீன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனைவி கேட்பதும் அவன் சொல்வதும் இதுதான்.

மகன் ஷஹ்பாஸை அடக்கிய அன்று கபுர்மேல் ஒரு செடி நட்டார்கள். மறுநாளே அதை ஆடு தின்றுவிட்டதாக அனீஸாவின் தம்பி வந்து சொன்னான். மூன்று வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் தின்றது போதாதென்று, அவன் தலைமாட்டுச் செடியையும் ஆடு தின்றது.

கபுர்மேல் பச்சை இருக்கும்வரை அது அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டே இருக்கும், உள்ளே படுத்திருப்பவருக்கு அதுதான் துணை என்பார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குள் பெண்கள் போகும் வழக்கம் இங்கே இல்லை. ஆடு தின்னாத பச்சை எது என்று அனீஸா கொல்லையில் உட்கார்ந்து யோசித்தாள். குளியலறைச் சுவரோரம் பாசி படர்ந்திருந்தது.

பிள்ளை வழுக்கி விழுந்துவிடுவான் என்று முன்பெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் ஒழித்த பாசி.

இப்போது அதை வளர்க்கிறாள். தோசைக் கரண்டியால் பெயர்த்து ஓட்டில் பதிக்கிறாள். புளித்த மோரை நீர்க்கக் கரைத்துத் தெளிக்கிறாள். போர் தண்ணீர் உப்பு, பாசி கருகிவிடும் என்று குடிக்கிற தண்ணீரைத்தான் விடுகிறாள். கோழி கிளறாமலிருக்கக் கூடையைக் கவிழ்த்து வைக்கிறாள். பிள்ளைக்கென்று செய்ய அவளுக்கு வேறு வேலை இல்லை.

"இன்னைக்கு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க மச்சான். பாக்கணும்போல இருக்கு."

சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வண்டி மையவாடிக்குப் போகவில்லை. வலையும் கயிறும் விற்கிற அவன் கடைக்குப் போனது. கடையின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிழலில், இதுவரை அவள் கொடுத்தனுப்பிய ஓடுகள் அத்தனையும் வரிசையாக இருந்தன.

எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. அந்த மட்டில் அவன் பொய் சொல்லவில்லை. கை கால் கழுவ, கடை கூட்டித் தெளிக்க போர் தண்ணீர். பாசிக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர்.

முதல் வெள்ளியன்று ஓட்டைப் பிடித்துக்கொண்டு மையவாடி வாசல்வரை போனான். கால் உள்ளே போகவில்லை. உள்ளே போய்விட்டால் பிள்ளை அங்கே இருப்பது உண்மையாகிவிடும். காரணம் அவ்வளவுதான். அடுத்த வெள்ளி வாசல்வரைகூடப் போகவில்லை.

இன்று போயாக வேண்டும். ஓடுகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போனான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிஸ்மி சொல்லி உள்ளே கால் வைத்தான்.

சின்னப் பிள்ளைகளை அடக்குவது வேலியோரம். அங்கே போய்ப் பார்த்தான்.

மணல். மழையில் கரைந்த சின்னச் சின்ன மேடுகள். எல்லாம் ஒரே அளவு. கல் இல்லை, பெயர் இல்லை.

அடக்கிய அன்று கொட்டுகிற மழையில் யாரோ தோளைப் பிடித்து அழைத்து வந்தார்கள், யாரோ அழைத்துக்கொண்டு போனார்கள். கையில் இருந்த கனம் அவனுக்கு நினைவிருக்கிறது. இடம் நினைவில்லை.

அனீஸாவின் தம்பிக்கு போன் போட்டுக் கேட்கலாம்தான். இத்தனை வெள்ளியும் எங்கே போனீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்பான்.

சலாஹுதீன் மண்டியிட்டு, முதல் மேட்டின் தலைமாட்டில் ஒரு ஓட்டை வைத்தான். அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். வேலிச் சந்து வழியாக நுழைந்த ஒரு ஆடு ஓட்டை முகர்ந்து பார்த்தது. பிடிக்காமல் திரும்பிப் போனது. அனீஸாவின் கணக்கு தப்பவில்லை.

"எந்தப் புள்ளைக்கு வைக்கிறீங்க, பாய்?" மையவாடிக்குப் புதிதாகக் காவலுக்கு வந்திருக்கும் ஜெகபர் அலி, விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

என் பிள்ளைக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும்தான், பாய்."

"நல்ல மனசு ஒங்களுக்கு. அல்லா ஒங்க புள்ளைங்களை நல்லா வைப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டப் போய்விட்டார்.

கூடை காலியானபோது ஒரு மேடு மிச்சமிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். மணல் சுட்டது. இதுவாகவும் இருக்கலாம் என்று நினைத்ததும், அடக்கிய அன்று வராத அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஓடு வைத்த மேடுகளும் வைக்காத அந்த ஒன்றும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தான்.

நம்ம புள்ள எது மச்சான் என்றுதான் அவள் முதலில் கேட்பாள்.