பூங்காவுக்கு வந்த பெட்டி

"என் குஞ்சு இருமி இருமிச் சாகுது, நீ இங்கே பச்சை விளக்கைப் போட்டுக்கிட்டுப் பல்லைக் காட்டறே!" என்று கத்திய காக்கை, போதாதென்று அதையே இன்னொரு தடவையும் கத்தியது.

"நான் பொய் சொல்லலை அக்கா," என்றது காற்றை அளக்கும் பெட்டி. "இங்கே காத்து சுத்தம். அதைத்தான் காட்டறேன்."

சுத்தமாக இல்லாமல் என்ன? போன மாதம் வரை பெட்டி ஆலைப் புகைபோக்கிக்கு எதிரே, பள்ளிக்கூட மதிலில் இருந்தது. பதினொரு நாள் விடாமல் சிவப்பு காட்டியது. அதிகாரிகள் ஓடி வந்தார்கள். புகைபோக்கியை அண்ணாந்துகூடப் பார்க்காமல் பெட்டியைக் கழற்றி, பூங்காவில் நீரூற்றுக்குப் பக்கத்தில் மாட்டி, மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைத் தண்ணீர்ப் பானைக்குள் வைக்கிற புத்திசாலிகள்!

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும்தான் இருமுது. அம்மாக்காரிங்க அதிகாரிங்ககிட்ட போய்க் கேட்டா, உன் பச்சை விளக்கைக் காட்டித் திருப்பி அனுப்பறாங்க. நீ பொய் சொல்லலையாம்!" என்று சொல்லிவிட்டுக் காக்கை பறந்தது.

பெட்டிக்குச் சுருக்கென்றது. பிசகாமல் அளப்பது ஒன்றுதான் அதற்கு இருந்த கௌரவம்.

மறுநாள் காக்கை வந்தது. கத்தவில்லை. ஆலைக் கரி படிந்த இறக்கையை மடக்கிக்கொண்டு எதிர்க் கம்பியில் உட்கார்ந்திருந்தது. குஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்கப் பெட்டிக்கு வாய் வரவில்லை.

"அக்கா, கொஞ்சம் கிட்ட வந்து அந்த இறக்கையை என் மேல உதறுங்க. சிவப்பு காட்டறேன்."

காக்கை அசையவில்லை.

"ஒரே ஒரு தடவை, அக்கா."