மேல்வானம் குளிர்கிறது

எண்ணூரில் வரப்போகும் இன்னொரு அனல் மின் நிலையத்துக்காக, கம்பெனியே பந்தல் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது.

“புகையால் வானம் சூடாகும் என்கிறீர்கள். பாதிதான் உண்மை,” என்றார் மேனேஜர் ஞானசிகாமணி. “அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, கீழே வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் மேலே காற்று ரொம்ப லேசு. அங்கே அதே வாயு வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடும். வெள்ளிக் கிரகத்திலும் மேல்வானம் இப்படித்தான் குளிர்கிறது.”

மீன் விற்கும் செங்கொடி எழுந்தாள்.

“சார், அந்தக் குளுர்ற எடம் எங்க கீது?”

“நூறு கிலோமீட்டர் உயரத்தில்.”

“நாங்க கீய கீறோம். எம் பொண்ணுக்கு வீசிங்கு. சோத்துலகூட சாம்பலு. ஒண்ணு பண்ணு நைனா. உன் சிம்னிய அந்த நூறு கிலோமீட்டருக்குக் கட்டிக்கோ. எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.”

பந்தலே கைதட்டியது. விசில் பறந்தது. மேனேஜரும் வாய்விட்டுச் சிரித்தார். செங்கொடியைச் சூழ்ந்துகொண்டே கூட்டம் கலைந்தது.

மக்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த உதவியாளர் பேனாவோடு தயங்கினார். “சார், அந்தம்மா சொன்னதை எப்படி எழுதறது?”

“சொன்னபடியே எழுதுங்க. சிம்னி கட்ட ஆட்சேபணை இல்லை. உயரம் மட்டும் கொஞ்சம் கூடுதலா வேணுமாம்.”