நனைந்த சுவர்

"பாப்பா, சுவர்மேல தண்ணி பீய்ச்சாதே. இப்படியே போட்டோ எடுத்துக்கோ, போதும்" என்றார் சித்தப்பா, ஏணியைப் பிடித்தபடி.

"வெளுத்த பெயின்ட்டை நனைச்சாத்தான் சித்தப்பா கலர் தெரியும். பழைய சுவர் விளம்பரம் எல்லாத்தையும் நான் அப்படித்தான் எடுக்கறேன்."

எங்கள் குடைக்கடையின் பக்கச் சுவரில், விரித்த குடைக்குக் கீழே அப்பாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கடியில் 'உரிமையாளர்' என்ற எழுத்து. அதைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் கடைக்குள் மாட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

"தனி ஆளா நின்னு தொடங்கின கடை" என்பார், வருகிறவர்களிடமெல்லாம். மூலையில் உட்கார்ந்து குடைக்கம்பி மாட்டும் சித்தப்பாவைக் காட்டி, "கூடப் பிறந்துட்டானே, தண்டச்சோறு போட்டுத்தானே ஆகணும்!" என்று சிரிப்பார். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஏணியில் ஏறித் தண்ணீரைப் பீய்ச்சினேன். குடையின் சிவப்பு பளிச்சென்று எழுந்தது. அப்பாவின் மீசை கறுத்தது. சுவர் ஊற ஊற, அந்த மீசைக்கு அடியிலிருந்து இன்னொரு முகம் மேலே வந்தது. மீசையில்லாத முகம். விடைத்த காதுகள். இடது புருவத்தில் ஒரு வெட்டு.

'உரிமையாளர்' என்ற எழுத்தை மட்டும் யாரும் மாற்றியிருக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். அதே காதுகளோடு, அதே வெட்டோடு சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா... உங்க முகத்து மேலயா அப்பா தன் முகத்தை வரைய வச்சார்?"

அவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கு பாப்பா. அண்ணன் வர்றதுக்குள்ள அது காயணும்."