ஸ்வெட்டரில் ஒரு ஸ்டிக்கர்

ஹூஸ்டனில் நவம்பர் வெயில் சாய்கிறது. வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்தின் வாசலில் காரில் ஏறும் வசந்தாமணியின் ஸ்வெட்டரில், ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் 'ஐ வோட்டட்' ஸ்டிக்கர் மின்னுகிறது. அதைப் பார்த்ததும், அவளை அழைத்துப் போக வந்த கணவன் நஞ்சுண்டனின் கை சாவியிலேயே நின்றுவிடுகிறது. "ஓட்டுப் போட்டியா?" "மேயர் எலெக்‌ஷனுங்க. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கறப்போ ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணுனேன், ஓட்டர் கார்டு வீட்டுக்கே வந்துச்சுங்க." "நம்மளுது வெறும் கிரீன் கார்டு! சிட்டிசன் ஆகாம ஓட்டுப் போட்டா டிபோர்ட் பண்ணிருவாங்க." போலீஸ் கார் ஒன்று மெல்லக் கடந்து போகும்வரை இருவரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஸ்டிக்கரைப் பிய்க்கிறாள், ஊரில் மை வைக்கும் அதே விரலில் அது ஒட்டிக்கொண்டு, உதற உதற விழ மறுக்கிறது. "உள்ள கையெழுத்து ஏதாச்சும் போட்டியா?" "போட்டேனுங்க" என்கிறாள். "தமிழ்ல. ஓட்டுச்சீட்டு குடுத்த அந்தம்மா பக்கத்துல இருந்தவங்களையெல்லாம் கூப்புட்டுக் காட்டுனாங்க."