பாட்டே வராத கேசட்

"பாட்டு எப்பம்மா வரும்?" என்று கேட்டார் ஹாஜா முகைதீன்.

"பாட்டே வராது வாப்பா. வாசிக்க மட்டுந்தான் செய்வாங்க" என்றாள் அவர் மகள் மெஹருன்னிசா.

மாடி அறை டி.வி.யில், கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் நூறு பேர் வயலினும் குழலுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்ற ஒருவர் கையிலிருந்த சிறு குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு ஒண்ணுமே வாசிக்கலையே. அவருக்கு எதுக்குக் கோட்டு?" என்றாள் அவள் அக்காள் ஜுனைதா.

"அவருதாம் லாத்தா எல்லாருக்கும் பெரியவரு."

மெஹருன்னிசாவின் கணவன் ஹமீது சுல்தானுக்குத் துபாயில் ஒரு வீடியோ கடையில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் வீட்டில் இருந்தது நாற்பத்தைந்து நாள். கீழக்கரைக்கு யார் வந்தாலும் அவர்கள் கையில் ஒரு கேசட் கொடுத்துவிடுவான். எல்லாமே இந்த மாதிரிதான். ஒன்றில் கச்சேரி, இன்னொன்றில் ஏதோ ஒரு சங்கீத மேதையின் வாழ்க்கை. இது ஏழாவது.

ஜுனைதா பத்து நிமிடம் தாங்கினாள். "புள்ள அழுவுறான்" என்று இறங்கிப் போனாள். அழுகைச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாப்பாவும் கொட்டாவி விட்டபடி எழுந்து போனார்.

வழக்கமாக இதோடு அறை காலியாகிவிடும். இன்று பாக்கர் மாமா இருந்தார்.

மாமா, உம்மாவின் தம்பி. ராமநாதபுரத்தில் ஒரு காலேஜில் ஆங்கிலம் நடத்துகிறவர். மீன் சாப்பாட்டுக்கு வந்தவர் கேசட் அட்டையைப் பார்த்ததும் துள்ளிவிட்டார்.

"மொசார்ட்! ஏம்மா, அஞ்சு வயசிலேயே மெட்டுப் போட்டவன் தெரியுமா? மெட்ராஸ்ல படிக்கிறப்ப இதுக்காகவே ரேடியோ இருக்கிற வீடாத் தேடிப் போவேன். கடையில ஆயிரம் சினிமாப் படம் இருக்கும். அதையெல்லாம் விட்டுட்டு இத அனுப்புறான் பாரு, உன் மாப்பிள்ளை!"

படத்தில் ஒருவர் மொசார்ட்டின் கதையை ஆங்கிலத்தில் சொல்ல, மாமா தமிழில் சொன்னார். பிறகு மறுபடியும் கச்சேரி. மாமா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். மெஹருன்னிசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேமுக்கால். படம் போட்டு நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"மாமா, கீழ போய்ச் செத்த சாஞ்சுக்கிறீங்களா?"

"இத விட்டுட்டா? நல்லாக் கேட்டே போ!"

கடிகார முள் நகர்ந்தது. அவள் படத்தை நிறுத்திவிடுகிற எண்ணத்தில் வீடியோ டெக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரத்தில்தான் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அவளே படத்தை நிறுத்தினாள்.

மாமா பெருமூச்சோடு எழுந்தார். "தொழுதுட்டு அப்படியே பஸ்ஸப் பிடிச்சிர்றேன். அந்தக் கேசட்ட எடும்மா. நாளைக்குக் காலேஜ்ல புள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுறேன்."

மெஹருன்னிசாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "வேணாம் மாமா!"

தேத்தண்ணியோடு மாடியேறி வந்த உம்மா நூர் நிஷா அப்படியே நின்றுவிட்டாள். "ஏண்டி, மாமா வாய் விட்டுக் கேக்குறாரு. குடுத்து விட்டா என்ன?"

"நான் இன்னும் முழுசாப் பாக்கலம்மா."

"பாத்துட்டு அடுத்த வாரம் குடு" என்றார் மாமா.

"இது வேணாம் மாமா. உங்களுக்குன்னே தனியா ஒண்ணு அனுப்பச் சொல்றேன். இது எனக்கு வேணும்." அவள் கண் கலங்கியிருந்தது.

மாமா சிரித்துக்கொண்டே அவள் தலையில் கை வைத்தார். "கோவிச்சுக்கலம்மா. சந்தோசமா இருக்கு. கீழக்கரையில இப்படி ஒரு ரசிகை இருப்பான்னு நான் கனவுலயும் நெனைக்கல." தேத்தண்ணியை இரண்டே மடக்கில் குடித்துவிட்டுப் படியிறங்கினார்.

உம்மா போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளைய நான் கொறை சொல்லல. ஆனா மாசம் ஒரு கடுதாசி வருது. உங்க வாப்பா கூடத்துல உக்காந்து எல்லாருக்கும் வாசிக்கிறாரு. அதுல உனக்குன்னு ஒரு வார்த்தை இருக்கா? 'மெஹருன்னிசாவுக்கும் சலாம் சொல்லவும்.' அம்புட்டுதான். ஒரு புருசன் பொஞ்சாதிக்கு அனுப்புற சாமானாடி இது? உனக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லம்மா" என்றாள் மெஹருன்னிசா. "நல்லாத்தான் இருக்கு."

"என்னத்த நல்லா இருக்கோ!" உம்மா காலிக் கிளாஸோடு தொழப் போனாள்.

மெஹருன்னிசாவும் தொழுதுவிட்டு வந்தாள். கதவைத் தாழ் போட்டாள். சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, டி.வி.க்கு ஒரு முழத் தூரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டெக்கை ஓடவிட்டாள்.

வயலின்கள் மெல்ல ஏறின. குச்சிக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். படம் ஒருமுறை குலுங்கியது. நூறு பேரும் மறைந்தார்கள்.

அந்த இடத்தில், துபாய் அறையின் இரும்புக் கட்டிலில், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஹமீது சுல்தான் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்களா, மெஹரு?"