சத்தம் வராத கீபோர்டு

ஆறாவது கீபோர்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தார் அக்கா.

எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக, ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அவர் அடிக்கிற வரி. விரல் தானாகப் போகும்.

இந்த ஆறாவதில் சத்தமே வரவில்லை. கடைக் கணினியின் திரையில் எழுத்து ஓடுவதை வைத்துத்தான் அவர் அடிக்கிறார் என்று தெரிந்தது.

பக்கத்தில் குழந்தை தூங்கினாலும் எழுந்திருக்காது என்றார் விற்பனையாளர். ஓரத்து எண்கள் இல்லாத சின்ன அளவு. புது பிரிண்டர் வந்து மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்ட பிறகு அக்காவுக்கு மிஞ்சியிருக்கும் இடத்தில் அளவெடுத்தாற்போல உட்காரும்.

பில் போடச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன்.

அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. நாங்கள் வந்ததே சத்தத்தால்தான்.

அக்கா டைப் அடித்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். அதுவும் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு கால் மணி நேரம் கேட்கவே வேண்டாம். போனில் பேசுகிறவர்கள் ஒரு காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்கு யார் மேல் கோபமோ, கீபோர்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறது என்பார் காசாளர். நேரிலும் சொல்லிப் பார்த்தார்கள். சரி சரி என்று தலையாட்டுவார். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடி.

எனக்கு அதனால் தொல்லை எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நான் என் இடத்தில் இருப்பதில்லை.

கடைசியில் மேலாளருக்குப் புகார் போனது. டைப்பிஸ்ட் மேல் புகாரை டைப்பிஸ்டிடமே அடிக்கக் கொடுக்க முடியாதே. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் தாளை நீட்டினார்கள். எழுதிக் கொடுத்தேன். பதினோரு பேர் கையொப்பமிட்டோம். மேலாளர் நல்ல மனிதர். யாரையும் திட்டாமல், சத்தம் வராத கீபோர்டாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்காவை அனுப்பி, துணைக்கு என்னையும் அனுப்பினார்.

விற்பனையாளர் உள்ளே போய்ப் பெரிதாக ஒன்றைத் தூக்கி வந்தார். கணினியில் விளையாடுகிற பிள்ளைகள் வாங்குவது என்றார்.

இணைப்பதற்குக்கூடக் காத்திராமல் அக்கா ஒரு கீயைத் தட்டினார். கடைக்கோடி வரை கேட்டது. அவர் முகம் தெளிந்தது.

இதைக் கொண்டுபோய் வைத்தால் எல்லோரும் என்னைத்தான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்றேன். சின்னது கைக்கும் சுகமாச்சே என்றேன்.

சுகம்தான் என்று ஒப்புக்கொண்டார். மணிக்கட்டு இரண்டு மாதமாக வீங்கிப்போய், அழுத்தி அடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். ராத்திரி சப்பாத்தி மாவு பிசையக்கூட மகனைத்தான் கூப்பிடுகிறாராம்.

"அப்புறம் எதுக்குக்கா இது?"

விற்பனையாளர் வேறொருவரைக் கவனிக்க நகரும் வரை அக்கா காத்திருந்தார். பிறகு பெரிய கீபோர்டின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மதியம் ஃபைல் தேடப் போறேன்னு ரெக்கார்டு ரூம் கதவைச் சாத்திக்கிறீங்கல்ல தம்பி. அந்தச் சுவர் வெறும் பலகை. அதை ஒட்டித்தான் என் நாற்காலி. எல்லாம் கேக்குது."

என் மனைவி தவறி ஏழு மாதம் ஆகிறது. பத்தாம் நாளே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒருத்தர் முன்னாலும் கண் கலங்கியதில்லை. திடமான ஆள் என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைக்கிற வரைதான் அந்தத் திடம் தாங்கும். அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரம், பழைய கோப்பு அலமாரிகளுக்கு நடுவில் போய் நின்றுகொள்வேன். வெளியே இப்படி இடி விழும்போது நம் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்று, வாயைக்கூடப் பொத்தாமல் அழுதிருக்கிறேன். நல்லவேளையாக அந்த அம்மாவுக்கு இந்த நேரத்தில் வேலை வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகாரை எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

விற்பனையாளர் திரும்பி வந்தார். எதைப் பில் போட என்று கேட்டார்.

நான் சின்னதைக் காட்டினேன். சத்தம் வராததையே போடுங்கள், அக்காவுக்குக் கை வலி என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் வார்த்தையோடு அழுகையும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு, விற்பனையாளரின் சட்டை மட்டும் நீலமாகத் தெரிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

இன்னும் எதனோடும் இணைக்காத அந்தப் பெரிய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். வீங்கிய மணிக்கட்டைத் தூக்கி, பத்து விரலாலும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தார்.

கடையிலிருந்த அத்தனை பேரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள்.