மாதிரிக்குக் கொடுத்த குரல்

அம்மாவின் போன் அடித்தபோது உடையார்பாளையத்து வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் தமிழரசன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நான் கட்டிலில், லேப்டாப்புக்கு முன்னால்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விளம்பரங்களுக்கு வீட்டிலிருந்தே குரல் கொடுப்பது என் வேலை. சென்னைக் கம்பெனி ஒன்று மாதிரி கேட்டிருந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெரியவர்களுக்குத் தினமும் போன் செய்து பேசும் சேவையாம். அவர்கள் தந்த வரிகளைச் சிரித்தும் கோபித்தும் கொஞ்சியும் பேசி அனுப்பினேன். நான் கிடைக்காவிட்டால் கூப்பிட, அம்மாவின் எண்ணையும் கொடுத்தேன்.

அமைந்தால் வருஷம் முழுக்க வேலை. பதில்தான் வரவில்லை.

மறுபடி பேசச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கக் கூடாதே என்று வீட்டில் பேச்சைக் குறைத்தேன். பிறகு நிறுத்தியே விட்டேன். எல்லாம் சைகைதான்.

"ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? பெத்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுனா தேஞ்சா போயிடும்?" என்பாள் அம்மா.

பொறு என்று கையைக் காட்டுவேன்.

போன் அடித்தது. கையில் கீரை இருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சாப்டியா?"

என் குரல்.

அண்ணன் திரும்பி என் வாயைப் பார்த்தான்.

"மாத்திரை போட்டியா? வெயில்ல வெளிய போவாதம்மா." நான் கொடுத்த மாதிரியிலிருந்து கம்ப்யூட்டர் செய்த குரல்; மாதிரியில் இவ்வளவு வாஞ்சை இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். கட் பண்ணிவிடுவாள் என்று நினைத்தேன்.

"இன்னும் இல்லம்மா" என்றாள் போனிடம். "நீ சாப்டியா?"

கீரை தீரும்வரை பேசினார்கள்.

மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். போன் வரும் நேரத்துக்கு அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

மெயிலுக்குப் பதில் போடாதவர்களுக்குக் காகிதத்தில் எழுதினேன். இந்த வேலை எனக்கு வேண்டாம். நான் பேசி அனுப்பியதை எல்லாம் அழித்துவிடுங்கள். என் அம்மாவைக் கூப்பிடாதீர்கள். உறையை ஒட்டி, விலாசத்தை ஒருமுறை சரிபார்த்து, அரியலூருக்கு ஷிப்டுக்குக் கிளம்பிய அண்ணனிடம் பதிவுத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

"வேலை வேணாம்னு காசு கட்டிச் சொல்ற மொத ஆளு நீதான்" என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வண்டி தெருமுனை திரும்பியது.

இனி தொண்டையைக் காக்க வேண்டியதில்லை. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம்.

"அம்மா, சாப்டியா?" என்றேன்.

சத்தம் நின்றது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அம்மா ஓடிவந்தாள். என்னைத் தாண்டிப் போய், பிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லு கண்ணு."